வெளியூர் வண்டி

கல்லாறு சோதனைச் சாவடியில் பேருந்தை ஓரம் கட்டச் சொன்னார்கள். சீருடை போட்ட ஒரு பெண் ஏறி, இருக்கை இருக்கையாக வந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டாள். வாசுகி மட்டும் மடியிலிருந்த எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெபி, மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரியும் என்று கேட்டாள். யாரோ சொன்னார்கள் என்று வாசுகி சொல்லிவைத்தாள்.

யாரும் சொல்லவில்லை. அவள் பிறந்ததும் படித்ததும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் குடும்பம் நடத்தியதும் இந்த மலையில்தான். திருப்பூரில், அவள் செக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கும் பனியன் கம்பெனியில், அது யாருக்கும் தெரியாது. வேண்டுமென்று மறைத்ததில்லை. குன்னூர் என்று சொன்னால், வீட்டுக்காரர் அங்கேயா இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் கையில் இல்லாததால் முதல் கேள்விக்கும் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அவளுடைய கைப்பையில் நான்காக மடித்த காகிதங்கள் இருந்தன. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் மனு. எல்லாப் பக்கத்திலும் அவள் கணவன் பாலகுமாரின் கையெழுத்து இருந்தது. அவள் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. புதன்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி வக்கீல் குமாஸ்தா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

சண்டை போட்டுப் பிரிந்த குடும்பம் அல்ல அது. அவள் கணக்கெழுதிக்கொண்டிருந்த சின்னத் தேயிலை ஃபேக்டரியை மூடியபோது, திருப்பூரில் வேலை இருக்கிறது, போய்ப் பார் என்று சொன்னவனே பாலகுமார்தான். முதல் வருடம் சனிக்கிழமைதோறும் மலையேறி வந்தாள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு ஊரடங்கு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக அனுமதிச் சீட்டு கேட்டார்கள். அவள் ஹாஸ்டலிலும் அவன் குன்னூர் ஓட்டுப்பட்டறை வீட்டிலுமாக அந்த மாதங்கள் போயின. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது இருவருமே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. தினமும் பேசிய போன் 'சாப்டாச்சா' என்ற செய்தியாகி, அதுவும் பண்டிகை வாழ்த்தாகிவிட்டது. அவள் மலையிறங்கி ஏழு வருடம் ஆயிற்று. குழந்தை இருந்திருந்தால் யாராவது ஒருவர் ஓடி வந்திருக்க வேண்டியிருக்கும். இல்லை.

மனு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. இது அவனாகக் கேட்டதா, அவனுடைய அக்கா தெய்வம்மா சொல்லிக் கேட்டதா? அக்கா சொன்னது என்றால், நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதைப் போனில் சொல்ல முடியாது. போனில் அவன் குரலிலிருந்து அவள் எதையும் தெரிந்துகொண்டதில்லை, முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இதற்கென்றே கிளம்பிப் போய் அந்த வாசலில் நிற்கவும் மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் கம்பெனி அறிவிப்புப் பலகையில் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊட்டிக்கு ஒருநாள் சுற்றுலா என்று ஒட்டினார்கள். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, கடைசியாகக் குன்னூர் சிம்ஸ் பூங்கா. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். டூர் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பத்து நாளாக அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுப்பாளையத்தில் ஏறிய வழிகாட்டியின் பெயர் பவுல்ராஜ். ஐம்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பியும் கையில் மைக்குமாக ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குளிருகிறது என்று யாரும் புகார் சொல்லக் கூடாது, குளிருக்குத்தான் டிக்கெட், மற்றதெல்லாம் இலவசம் என்றார். பேருந்து சிரித்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் எப்படி இந்த மலைக்கு ஏறி வந்தார் என்று சொன்னார். ரயில் பாதையைப் பல்சக்கரத்தின் மேல் போட்ட கதையைச் சொன்னார். அதுவரை வாசுகி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குன்னூருக்குப் போவதற்குள் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் வரும், எண்ணிக்கொண்டே வாருங்கள் என்று அவர் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு இருப்பது மசினகுடி போகிற கல்லட்டிப் பாதையில். இங்கே பதினாலு. அத்தனை வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவளால் முடியும். இவரிடம் தெரிந்துகொள்ள நமக்கு ஒன்றும் இல்லை என்று கேட்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். பர்லியாரில் பலாப்பழமும் மங்குஸ்தானும் விற்கும் கடைகள் திறந்திருந்தன. பவுல்ராஜ் மைக்கில் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

எட்டரை மணிக்குக் குன்னூர். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் காலை உணவுக்கு முக்கால் மணி நேரம். ஓட்டுப்பட்டறைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்தான். வாசுகி இட்லியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். பாலகுமார் வேலை செய்யும் டீ ஃபேக்டரியில் சனிக்கிழமை இரவு ஷிப்ட் என்றால், முடித்துவிட்டு வந்து பத்து மணி வரை தூங்குவான். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்கிற கேள்வியா இது? பத்து நிமிடத்தில் போய், பத்து நிமிடத்தில் திரும்பி, நடுவில் இருபது நிமிடத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? சாயங்காலம் சிம்ஸ் பூங்காவில் எப்படியும் ஒரு மணி நேரம் நிற்பார்கள். அப்போது போகலாம். நியாயமான காரணங்கள்தான். ஆனால் கை கழுவியதும், எல்லாருக்கும் முன்னால் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நியாயமான காரணங்கள் வைத்திருப்பவளுக்கு அத்தனை அவசரம் எதற்கு?

ஊட்டியில் எல்லாரோடும் நடந்தாள். கண்ணாடி வீட்டுப் பூக்களுக்கு முன்னால் ஸ்டெபிக்கு விதவிதமாகப் படம் எடுத்துக் கொடுத்தாள். தையல் பிரிவுப் பெண்கள் புல்சரிவில் உருண்டு விளையாடியதைக் காவலர் விசில் ஊதித் தடுத்தார். மலையில் இருந்த அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பூங்காவுக்குள் நான்கைந்து முறைகூட வந்ததில்லை. கல்யாணமான புதிதில் பாலகுமாரோடு ஒருமுறை வந்தபோது, தினம் பார்க்கிற புல்லுக்கு டிக்கெட் எதற்கு என்று அவன் வாசலோடு திரும்பிவிட்டான். அன்று அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

மதியச் சாப்பாடு படகு இல்லத்துக்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டரை. எல்லாரும் வண்டியில் ஏறியதும் பவுல்ராஜ், இனி தொட்டபெட்டா, அங்கிருந்து கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரி, அப்படியே கீழே இறங்குகிறோம் என்று அறிவித்தார்.

வாசுகி எழுந்து முன்னால் போனாள். சிம்ஸ் பூங்கா என்னவாயிற்று என்று கேட்டாள்.

"காலையிலயே சொன்னேனேக்கா. சீசன் ஒருவழிப் பாதை. ஏறறது குன்னூர் வழி, இறங்கறது கோத்தகிரி வழி. வெளியூர் வண்டிய குன்னூர்ப் பக்கம் இறங்க விட மாட்டாங்க."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த விதி அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு மே மாதமும் குன்னூரில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. ஆனால் அது எப்போதும் டூரிஸ்டுகளுக்கான விதி. உள்ளூர் பஸ்ஸில் போய்வருகிற அவளைப் போன்றவர்களை அது தொட்டதே இல்லை. இன்றைக்குத் தான் உட்கார்ந்திருப்பது எந்த வண்டியில் என்பதைத்தான் அவள் காலையிலிருந்து யோசிக்கவில்லை.

நான் கவனிக்கவில்லை என்று மெல்லச் சொன்னாள். முப்பத்தாறு வளைவு என்று சொன்னதிலிருந்தே கேட்பதை நிறுத்திவிட்டேன், இந்தப் பாதையில் பதினாலுதானே என்றும் சொன்னாள்.

பவுல்ராஜ் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "நீங்க எந்த ஏரியாக்கா?"

"ஓட்டுப்பட்டறைங்க."

"அட, மொதல்லயே சொல்லியிருந்தா மைக்க உங்க கையில குடுத்துட்டுத் தூங்கியிருப்பேன். பதினாலுன்னு சொன்னா யாரு எண்ணுவா? அதான் முப்பத்தாறு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அவசரமா பாக்கணுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். யாரை என்று அவர் கேட்கவில்லை. வழியில் ஆளை இறக்கிவிடக் கூடாது என்பது கம்பெனிக்கும் அவருக்கும் பேச்சு. ஆனாலும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏழு மணிக்குக் கடைசி டீ குடிப்போம், ஏழேகாலுக்கு வண்டி எடுத்துவிடுவேன், அதற்குள் வந்துவிட வேண்டும் என்றார். ஸ்டெபி தானும் கூட வருகிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்று அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு வாசுகி இறங்கினாள்.

குன்னூர் போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வர முடிந்தது. கேத்தி தாண்டியதும் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. அருவங்காட்டில் கால் மணி நேரம் நகரவே இல்லை. அவள் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். டூர் வந்தேன். அப்படியே. அந்த 'அப்படியே' இப்போது பொய்யாகிவிட்டது. டூரை விட்டுவிட்டு அல்லவா ஓடி வந்துகொண்டிருக்கிறாள்?

நாலரை மணிக்கு அந்த வீட்டின் கதவைத் தட்டினாள். பாலகுமார் லுங்கியும் ஸ்வெட்டருமாக வந்து திறந்தான். காதுக்கு மேலே முடி முழுவதும் நரைத்திருந்தது. வீட்டுக்குள் பார்வையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, யாரையோ மறைப்பவன் போல அல்லாமல், வீடு இப்படிக் கிடக்கிறதே என்று கூசியவன் போல, உள்ளே வா என்றான்.

கம்பெனி டூர் என்றாள். அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். எல்லாம் சரியாகவே வந்தது. அவன் நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னான். கட்டிலைச் சமையலறைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தான். அந்தச் சுவர்தான் அடுப்புச் சூட்டில் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். அவள் இருந்தபோது இல்லாத ஏற்பாடு. ஒரு ஆளுக்கு அது போதும். அவளுடைய தையல் மிஷின் அதே மூலையில் துணி போர்த்தியபடி நின்றது.

ஃபேக்டரி எப்படி என்று அவள் கேட்டாள். பச்சை இலை வரத்து நன்றாக இருக்கிறது, இலை உலர்த்தும் டிரையரில் ஆள் பற்றாக்குறை, வட மாநிலத்துப் பையன்கள் வந்திருக்கிறார்கள் என்றான். மழை பற்றியும் பேசினார்கள். அவன் எழுந்துபோய் டீக்குப் பால் வைத்துவிட்டு வந்தான். மணி ஐந்தை நெருங்கியது. அவள் பையைத் திறந்து காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, இது நீங்களா கேட்டதா? அக்கா சொல்லிக் கேட்டதா?"

அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "நானாத்தான். அக்காவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்னத்தான் ஏசும்."

முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். பார்த்தாள். பொய் சொல்லும் முகம் இல்லை அது. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். பிறகு கீழே பார்த்துக்கொண்டு பேசினான்.

"திரும்ப பஸ் விட்டப்புறம், சனிக்கிழமையானா ஸ்டாண்டுக்குப் போவேன். ஏழரை மேட்டுப்பாளையம் வண்டி வர்ற வரைக்கும் நிப்பேன். ஒரு வருசத்துக்கு மேல போனேன்."

"நான் வர்றேன்னு சொல்லவே இல்லீங்களே."

"நீ சொல்லல. நானும் வான்னு சொல்லல. சும்மா போய் நின்னேன். ஒரு நாளு மழை பெஞ்சுது, போகல. அடுத்த வாரம் மழையில்ல, அப்பவும் போகல. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

திருப்பூரில் அதே சனிக்கிழமைகளில் அவள் ஹாஸ்டல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டு, அவனாக ஒரு வார்த்தை கூப்பிடட்டும் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன? அவனுடையதோடு சேர்த்துத் தன்னுடையதையும் எடைபோடச் சொல்வதா? அதற்குப் பதிலாக, வரும்போது மனதில் கொண்டுவந்ததைச் சொன்னாள். அக்கா சொன்னதாக இருந்தால் மட்டும் என்று நினைத்திருந்ததை, அது இல்லாமலே சொன்னாள்.

"நான் திரும்பி வந்துடறேன்னா?"

அவன் நிமிர்ந்தான். அந்த ஒரு கணம் பழைய பாலகுமாரின் முகம் வந்தது. ஃபேக்டரி ரிஜிஸ்டரில் லீவு எழுதுகிறவர் கேட்பதுபோல, கேலி எதுவும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"எந்த மாசம்?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஜூன் முடியாது, ஜெர்மனி ஆர்டர் கப்பல் ஏற வேண்டும். ஜூலையில் புதிதாக எடுத்த இருபது பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் சூப்பர்வைசரை எந்தக் கம்பெனி விடும்? அப்புறம் இங்கே வந்து என்ன செய்வது? அவன் ஷிப்டுக்குப் போன பிறகு இந்தச் சுவரோடு உட்கார்ந்திருப்பதா? அங்கே மாடி அறையில் அவளுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது. கீழே தெருவில் போகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து மேடம் என்று கையசைப்பார்கள். ஒரு மாதத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் எல்லா மாதத்தையும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் நாக்கில் வந்து நிற்கவில்லை.

பால் பொங்கும் வாசனை வந்தது. அவன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து ஒன்றை அவள் முன்னால் வைத்தான். அவளுக்குச் சர்க்கரை குறைவாகப் போட வேண்டும் என்பது நினைவிருந்தது அவனுக்கு. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழாத. நான் கீழ வர மாட்டேன்னு உனக்குத் தெரியும். நீ மேல வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். இதுல யாரு மேலயும் தப்பில்ல."

யார் மேலாவது தப்பு இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டீயைக் குடித்து முடித்தாள். பேனா கேட்டாள். ஊருக்குப் போய் நிதானமாகப் போடேன் என்றான் அவன். வேண்டாம், அங்கே தனியாக உட்கார்ந்து போட முடியாது என்றாள். பென்சில் குறி இருந்த ஒவ்வொரு இடத்திலும் போட்டாள். மேஜை ஆடியது. அவன் ஒரு கையால் மேஜையையும் இன்னொரு கையால் காகிதத்தின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டான்.

ஐந்தே முக்காலுக்குக் கோத்தகிரி வண்டி. ஆட்டோ வேண்டாம் என்று படிக்கட்டு வழியாகவே இறங்கினார்கள். வழியில் எதிர்வீட்டு விஜயா பார்த்துவிட்டு, எப்ப வந்தீங்க, இருப்பீங்கதானே என்று கேட்டாள். வாசுகி சிரித்தாள். பாலகுமார், லீவு இல்லை, கிளம்புகிறாள் என்றான். இருவரும் சேர்ந்து சொன்ன கடைசிப் பொய் அது. அதில் ஒரு கணவன் மனைவியின் ஒழுங்கு இருந்தது.

ஸ்டாண்டில் சீசன் கூட்டம் நெரிந்தது. அவன் உள்ளே ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, அவளை உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான். நீங்கள் போங்கள் என்றாள். வண்டி எடுக்கட்டும் என்றான். ஸ்வெட்டர் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, டிரைவர் எப்போது வருவார் என்று டீக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் வந்தார். வண்டி நகர்ந்தபோது அவன் கை அசைக்கவில்லை. இரண்டடி கூடவே நடந்து, பிறகு நின்றுவிட்டான்.

மேல் குன்னூர் தாண்டும்வரை அவள் வெளியே பார்க்கவில்லை. கட்டபெட்டில் கேரட் மூட்டையோடு ஒரு அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, வாசுகியின் மெல்லிய புடவையையும் வீங்கிய கண்களையும் பார்த்தாள். எந்த ஊரு என்று விசாரித்தாள். திருப்பூர் என்றாள் வாசுகி. சொன்ன பிறகுதான் தயங்காமல் சொல்லிவிட்டதைக் கவனித்தாள்.

"கோத்தகிரியில எறங்குனா காத்து அடிக்குமுங்க, உங்களுக்குப் பழக்கமிருக்காது. காதைச் சுத்தி மூடிக்குங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வாசுகி தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.